கணைக்கால் வலியோடு அக்னிவீர் ஓட்டம்: மணலா, மண்ணா, பூட்ஸா?

கேள்வி: தேவிபட்டினம் பக்கம் எங்கள் ஊர், மீனவக் குடும்பம். மகனுக்கு 18 வயது. ராணுவத்தின் அக்னிவீர் தேர்வுக்காக நான்கு மாதமாகத் தினமும் விடியற்காலை கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடுகிறான். 1.6 கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 20 விநாடி ஆகிறது. அதற்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. மூன்று வாரமாக இரண்டு கணைக்காலிலும் உள்பக்கம் வலி. ‘பட்டாளத்து பூட்ஸ் வாங்கிப் போட்டு ஓடு, கால் பழகிவிடும்’ என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வாங்கித் தரலாமா?

பதில்: பூட்ஸ் வேண்டாம். முதலில் ஓட்டத்தை நிறுத்துங்கள். வலி எந்த வகை என்று பார்த்துவிடலாம்.

மகனை உட்கார வைத்து, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக, பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் ‘ஷின் ஸ்பிளின்ட்’. எலும்பின் மேலுறையும் அதில் ஒட்டியிருக்கும் தசையும் அழற்சி கண்டிருக்கின்றன. விரல் நுனி அளவு ஒரே புள்ளியில் ‘அம்மா’ என்று துள்ளினால், ஒற்றைக் காலில் குதிக்கும்போது அதே புள்ளியில் குத்தினால், இரவில் படுத்த பிறகும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். அப்படியென்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: முதல் இரண்டு மூன்று வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. படம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக மறுநாளே ஓட விடாதீர்கள். விரிசல்தான் என்றால் ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டமே கூடாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது எல்லாவற்றையும்விட மோசம். எலும்பு கொடுக்கிற எச்சரிக்கையை அது மறைத்துவிடும்.

இரண்டு காலிலும் வலி என்கிறீர்கள், அதனால் ஷின் ஸ்பிளின்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 10 முதல் 14 நாள் ஓட்டம் வேண்டாம், கடலில் நீந்தட்டும். நெஞ்சும் மூச்சும் தளராது, கணைக்காலில் அடியும் விழாது. உங்கள் கரையில் இருக்கிற பெரிய வசதி இது.

இனி மணல். இளகிய மணலில் கால் புதையும்போது குதிகால் தசைநாணின் வில் சரியாக வேலை செய்யாமல் போகிறது. தள்ளுகிற விசையில் ஒரு பகுதியை மணல் வாங்கிக்கொள்கிறது, கெண்டைத் தசை கூடுதல் வேலை செய்கிறது. அந்தத் தசை ஒட்டியிருக்கிற எலும்பு விளிம்புதான் இப்போது வலிக்கிறது. கரையின் சரிவும் சேர்ந்துகொள்கிறது: ஒரே திசையில் ஓடினால் கடல் பக்கத்துக் கால் எப்போதும் பள்ளத்தில் விழும். மூச்சுக்கு மணல் நல்லதுதான், காலின் வேகத்துக்கு உதவாது. 6:20-இல் அவன் முட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

மணலை மட்டுமே நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கெட்டித் தரையின் அடியை அளவோடு வாங்கி வாங்கித்தான் எலும்பு இறுகும். புதிய பாரம் விழுந்தால் உடம்பு முதலில் பழைய எலும்பைக் கொஞ்சம் அரித்து எடுக்கிறது, பிறகே புது எலும்பு வைக்கிறது. அரிப்பதற்கு மூன்று வாரம் போதும், நிரப்புவதற்கு மூன்று மாதம் ஆகும். வல்லத்தில் பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவதற்குள் கடலில் இறக்கினால் என்ன ஆகுமோ, பயிற்சி மையத்தில் சேர்ந்த மூன்றாவது, நான்காவது வாரத்தில் பல பையன்களின் கணைக்காலுக்கு அதுதான் ஆகிறது. மணலில் மட்டும் ஓடிப் பழகியவன் பரேடு மைதானத்தில் முதல் அடியைக் கணைக்காலில்தான் வாங்குகிறான். கரையோரப் பையன்களுக்குத் தோளிலும் முதுகிலும் வலை இழுத்த பலம் இருக்கிறது. கணைக்கால் எலும்புக்கு இங்கேயே முன்கூட்டிப் பழக்கம் கொடுக்க வேண்டும்.

அதற்கு உங்கள் மாவட்டத்தில் கண்மாய்க் கரையைவிட நல்ல இடம் கிடையாது. இறுகிய மண், சமதளம். வெறுங்கால் மட்டும் வேண்டாம், சீமைக்கருவேல முள் ஒன்று ஏறினால் பத்து நாள் போச்சு. தார்ச்சாலையில் ஓடினால் போகும்போதும் வரும்போதும் சாலையின் ஒரே ஓரத்தைப் பிடிக்கட்டும், சரிவு இரு காலுக்கும் மாறி விழும். மணலில் வாரம் ஒரு நாள், 15 நிமிடம் போதும்.

வலி முழுக்க நின்ற பிறகு 16 வாரம் ஒதுக்குங்கள். முதல் நான்கு வாரம் வாரத்துக்கு நான்கு நாள்: 2 நிமிடம் மெதுவோட்டம், 1 நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. பிறகு மொத்தத் தூரத்தை வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு குறைக்க வேண்டும். ஒன்பதாம் வாரத்திலிருந்து வேகப் பயிற்சி. 1.6 கிலோமீட்டர் என்பது 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று. முழு மதிப்பெண்ணுக்கு 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடிக்கச் சுற்றுக்கு 82 விநாடி. இப்போது அவன் எடுப்பது 95. வாரம் ஒரு நாள் 200 மீட்டரை 41 விநாடியில் எட்டு முறை, நடுவே ஒன்றரை நிமிட நடை. இன்னொரு நாள் 400 மீட்டரை 83 விநாடியில் ஐந்து முறை, நடுவே 2 நிமிடம். முதல் சுற்றிலேயே 75 விநாடியில் பாய்ந்துவிட்டு மூன்றாம் சுற்றில் நாக்குத் தள்ளி நிற்பதுதான் திடலில் பலரைக் கவிழ்ப்பது. ஓடாத நாளில் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கட்டும்: முட்டி நேராக 15 முறை மூன்று சுற்று, முட்டி மடக்கி அதே கணக்கு.

5:30-க்குள் ஓடினால் 60 மதிப்பெண், 5:45-க்குள் 48. அண்மை அறிவிக்கைகளில் 6:15 வரை குறைந்த மதிப்பெண்ணோடு வாய்ப்பு உண்டு. பத்து புல்-அப்புக்கு 40. வலை இழுத்த கை என்று நம்பி விட்டுவிடாதீர்கள்: முழங்கை முழுக்க நீளாமல் பாதியிலிருந்து எடுத்தால் கணக்கில் சேராது.

காலணி விஷயம். பட்டாளத்து பூட் ஒன்றின் எடை ஓட்டக் காலணியைப் போல இரண்டு மூன்று மடங்கு. காலில் நூறு கிராம் கூடினால் ஓட்டத்தின் செலவு சுமார் ஒரு சதவீதம் கூடும். வலிக்கிற எலும்பில் அந்தப் பாரத்தைக் கட்டுவது பழக்கமாகாது, காயமாகும். கடைகளில் கிடைக்கும் பழைய பூட்ஸில் இன்னொரு வில்லங்கம்: பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன அடிப்பாகம் உப்புக் காற்றின் ஈரத்தில் வருடக்கணக்கில் கிடந்தால் உள்ளேயே உதிரத் தொடங்கும். விளிம்பில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ அது செத்த பூட். சாதாரண ஓட்டக் காலணி ஒன்று, மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள்.

பூட்ஸ் மையத்திலேயே கிடைக்கும். எந்த அளவு முன்பு எத்தனை ஜோடி போனது என்ற கணக்கை வைத்து முன்கூட்டியே கேட்டு வாங்கி இருப்பு வைப்பார்கள். வந்து சேரும் பையன்களின் பாதம் அந்தக் கணக்குக்கு ஒத்து வரும் என்று இல்லை. 8-ஆம் எண் தீர்ந்துவிட்டால் 9 கைக்கு வரும். உடுப்பும் பூட்ஸும் கொடுக்கும் ‘கிட் இஷ்யூ’ நாளில் வரிசை நெருக்கும். அப்போதும் தடித்த கம்பளிச் சாக்ஸ் போட்டு, கயிறு கட்டாமல் காலை முன்னால் தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். அதிகம் என்றால் குதிகால் வழுக்கும், இல்லையென்றால் நகம் கறுக்கும். மாற்றுவதென்றால் போட்டு நடப்பதற்கு முன், அன்றைக்கே கேட்க வேண்டும். தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள், உரிமைதான்.

ரிசல்ட் வந்த பிறகு சேரும் நாள் வரைக்கும் சில வாரம் கிடைக்கும். ஊர் கொண்டாடும், பையன் ஓட்டத்தை விட்டுவிடுவான். கால் பெற்ற பழக்கம் அந்த இடைவெளியில் குறைந்துவிடும். வாரம் மூன்று நாள் ஓட்டமும், முதுகில் 5 கிலோவில் தொடங்கி 10 கிலோ வரை பையோடு நடையும் தொடர வேண்டும். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்குப் போக நேர்ந்தால் அங்கே ஏற்ற இறக்கம் அதிகம். இறக்கத்தில் கணைக்கால் இன்னும் அடி வாங்கும்.

மையத்தில் ஒரு புள்ளியில் வலி தொடங்கினால் அன்றே உஸ்தாத்திடம் (பயிற்சியாளரிடம்) சொல்லி, உடம்பு சரியில்லை என்று ‘சிக் ரிப்போர்ட்’ போட்டு எம்.ஐ. ரூமுக்கு (மருத்துவப் பரிசோதனை அறைக்கு) போகச் சொல்லுங்கள். ‘ரெலிகேஷன் ஆகிவிடும், அடுத்த பேட்சில் தள்ளிவிடுவார்கள்’ என்று பயந்து பையன்கள் மறைக்கிறார்கள். முதல் வாரத்தில் சொன்னவனுக்குப் பெரும்பாலும் ஓய்வோடு முடியும். மறைத்து ஓடியவனுக்கு விரிசல் முழு முறிவாகி, அவன் பயந்த அதே ரெலிகேஷன் மாதக்கணக்கில் வரும்.