ஹெட்லைட்ல முடி மாதிரி வெடிப்பு விழுதே, சரி பண்ண முடியுமா?

அண்ணாச்சி, அது கண்ணாடி இல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக், மேல ஒரு கோட்டிங் இருக்கும். நம்ம பாளையங்கோட்டை வெயில்ல வருஷக்கணக்கா நிக்க வண்டில மொதல்ல அந்தக் கோட்டிங்தான் வெடிக்கும், உள்ள பல்பு சூடு வேற. பெட்ரோல், தின்னர் போட்டு மட்டும் தொடைக்காதீய, பிளாஸ்டிக்கே வெடிச்சிரும் (நெறைய பேரு அதத்தான் செய்யுதாவ). நகத்த வச்சு இழுத்துப் பாருங்க, மாட்டலன்னா பெரும்பாலும் மேலோட வெடிப்புதான், சுத்தி டேப் ஒட்டி தண்ணி விட்டு 800, 1500, 2000, 3000 நம்பர்னு வரிசையா வாட்டர் பேப்பர்ல (தண்ணில நனைச்சு தேய்க்க உப்புத்தாளு) தேய்க்கணும், மொதல்ல மஞ்சளா வடியும், வெள்ளையா வடியுத வரைக்கும் 800ஐ விடாதீய. பொறவு பாலிஷ் போட்டு யூவி (வெயில்ல உள்ள புற ஊதாக் கதிரு) தாங்குத கிளியர் கோட் கண்டிப்பா அடிச்சிருங்க, இல்லன்னா கொஞ்ச மாசத்துல மறுபடியும் மஞ்சளிச்சிரும். உள்ள எறங்குன வெடிப்புன்னா தேய்ச்சு பிரயோசனமில்ல, லைட்டயே மாத்திருங்க.