அம்மாவுக்கு ரத்தம் ஏறவில்லை, நான் என்ன படிக்கட்டும்?

கேள்வி: பி.எஸ்சி. உயிர்வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். அம்மாவுக்கு ரத்தசோகை. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லை. அது ஏன் என்று யோசித்தே எனக்கு எம்.எஸ்சி. நியூட்ரிஷன் பயாலஜி படிக்கும் ஆசை வந்தது. "சாப்பாட்டைப் பற்றிப் படிக்க ரெண்டு வருஷமா?" என்கிறார் மாமா. இதைப் படித்தால் டயட்டீஷியன் ஆகலாமா?
- வாசகி, தருமபுரி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். டயட்டீஷியன் வேலைதான் குறிக்கோள் என்றால், யோசித்துச் சேருங்கள். அதற்கு டயட்டெட்டிக்ஸ் என்ற உணவுமுறைப் பாடமும் மருத்துவமனைப் பயிற்சியும் கேட்பார்கள். இந்தத் துறையையும் சேர்த்து ஒழுங்குபடுத்த 2021இல் சட்டமே வந்துவிட்டது. உங்கள் பட்டம் அதற்குச் செல்லுமா என்று கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்களை இழுப்பது "ஏன் ரத்தம் ஏறவில்லை" என்ற கேள்விதான் என்று கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. மாத்திரை போட்ட கையோடு டீ குடிக்கிறீர்களா என்று டயட்டீஷியன் அம்மாவிடம் கேட்பார். அவசியமான கேள்வி, டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நியூட்ரிஷன் பயாலஜி இன்னும் உள்ளே போகும். சிறுகுடல் செல்லுக்குள் இரும்பு நுழைந்துவிட்டால் மட்டும் போதாது, மறுபக்கக் கதவு வழியாக அது ரத்தத்துக்கு வர வேண்டும். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால், கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து அந்தக் கதவை அடைத்துவிடும். சில நாளில் அந்தச் செல் உதிரும்போது உள்ளே மாட்டிய இரும்பும் மலத்தோடு போய்விடும். ஹெப்சிடின் கண்டுபிடிக்கப்பட்டதே 2000 வாக்கில்தான். மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ரெண்டு வருஷம் போதுமா என்று அவரே கேட்பார்.

நோயாளியைப் பார்த்து எழும் கேள்வியை ஆய்வகம் வரை கொண்டுபோனவர்களில் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனை நினைத்துக்கொள்வேன். பெல்லக்ரா (நியாசின் என்ற வைட்டமின் குறைவால் வரும் நோய்) என்றாலே மக்காச்சோளம்தான் காரணம் என்றிருந்த காலத்தில், தக்காணத்தில் நம் சாதாரணச் சோளம் தின்னும் ஏழைகளுக்கும் அது வருவதை 1960இல் எழுதினார். சோளத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் மிகுந்திருப்பதே காரணம் என்று வாதாடினார். அந்த விளக்கத்தைப் பிறகு பலர் மறுத்தார்கள். அதனால் என்ன? கேள்வி உயிரோடு இருந்ததே! அவர் இயக்குநராக இருந்த ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் நம் குன்னூரில் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கியதுதான்.

சரி, எங்கே படிப்பது? ஹரியானா மத்தியப் பல்கலைக்கழகத்தில் நியூட்ரிஷன் பயாலஜி என்ற பெயரிலேயே துறை இருக்கிறது. கியூட் பிஜி என்ற முதுநிலை நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். ஹைதராபாத் நிறுவனத்தின் எம்.எஸ்சி. அப்ளைடு நியூட்ரிஷன், மக்களிடையே போய் வேலை செய்ய விரும்புகிறவர்களுக்குப் பொருந்தும். எங்கே சேர்ந்தாலும் புள்ளியியலை இப்போதே பழகுங்கள். உயிர்வேதியியலிலிருந்து வரும் பிள்ளைகள் ஆய்வேட்டின்போது திணறுவது பெரும்பாலும் அங்கேதான்.

அப்புறம், அம்மாவின் மாத்திரைக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடச் சொல்லுங்கள். மறுபடியும் டாக்டரிடம் கூட்டிப்போய்க் காரணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வாரமே போய்விடுங்கள்.