26 லட்சத்துல வீடு முடிச்சிரலாம்னு ஆரம்பிச்சவன் சொல்றேன்

கேள்வி: 30க்கு 40 மனை கையில இருக்கு. நம்ம இஷ்டத்துக்கு பிளான் போட்டு வீடு கட்டணும், ஆனா பட்ஜெட் தாண்டக்கூடாது. எப்படி பிளான் பண்றது?

தாண்டாம கட்டுனவங்கதான் இதுக்கு பதில் சொல்லணும், நான் தாண்டுனவன். பரவால்ல, காசு எந்த ஓட்டை வழியா போச்சுன்னு நமக்குத்தான நல்லா தெரியும்.

கோவில்பட்டி பக்கம், 2022ல வேலை ஆரம்பிச்சு 2023ல பால் காய்ச்சுனோம். தரைத்தளம் மட்டும், 1150 சதுர அடி. மெட்டீரியலோட சேத்து சதுர அடி 2100 ரூபானு பேசுனோம், அது 24 லட்சத்து 15 ஆயிரம், அதுக்கு மேல சில்லறைச் செலவு ரெண்டு லட்சம் போகும்னு 26 லட்சம்னு நோட்டுல எழுதி கீழ ரெண்டு கோடு வேற போட்டேன். முடியும்போது 33 லட்சத்து 87 ஆயிரம். சிமெண்ட் ஏறிருச்சு கம்பி ஏறிருச்சுனு எல்லாரும் சொல்லுவாங்க, ஃபுல் காண்ட்ராக்ட்னால அந்த ஏத்தத்துல எனக்கு ஒத்த ரூபா கூடல. போனதெல்லாம் வேற வழி.

முதல் விஷயம், சதுர அடி ரேட்டுங்கிறது வீட்டோட ரேட் கிடையாது, சுவத்துக்குள்ள இருக்கிறதோட ரேட். சம்ப்பும் (தரைக்கடியில இருக்கிற தண்ணித் தொட்டி) செப்டிக் டேங்கும் லிட்டர் கணக்குல தனி, காம்பவுண்ட் சுவர் அடிக்கணக்குல தனி, போர் தனி, பிளான் அப்ரூவல் ஃபீஸ் தனி, வேலை நடக்கையில எடுக்கிற டெம்பரவரி கரண்ட் தனி (அதுக்கு யூனிட் ரேட்டும் வீட்டு ரேட்டை விட ஜாஸ்தி). எனக்கு சம்ப், செப்டிக் 1 லட்சத்து 65 ஆயிரம், காம்பவுண்டும் கேட்டும் 2 லட்சத்து 40, போர் 1 லட்சத்து 10, ஃபீஸ் கரண்ட் எல்லாம் சேத்து 60 ஆயிரம். இது எதுவும் காண்ட்ராக்டர் ஏமாத்துனது இல்ல, அக்ரிமெண்ட்ல கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல இருந்துச்சு, நான்தான் எலிவேஷன் படத்தை (வீட்டு முகப்புப் படம்) பாத்துட்டு கையெழுத்து போட்டேன். அதனால "உங்க ரேட் என்ன"னு கேக்காதீங்க, "உங்க ரேட்ல என்னென்ன வராது"னு கேட்டு அதை எழுதி வாங்குங்க. போர்டிகோ, படிக்கட்டு ஹெட்ரூம் (மாடிப்படி மேல வர்ற சின்ன அறை) எல்லாம் சதுர அடியில முழுசா சேருமா பாதியான்னும் அப்பவே கேட்டுக்கோங்க, ஆளுக்கு ஒரு கணக்கு வச்சிருக்காங்க.

ரெண்டாவது மண்ணு. எங்க ஊரு கரிசல், மழைக்கு உப்பும், சித்திரையில கை நுழையற அளவுக்கு வெடிக்கும். 5 அடி ஆழத்துல ஃபுட்டிங்னு (தூணுக்கு அடியில வர்ற அஸ்திவாரம்) பேசிருந்தோம், தோண்டத் தோண்ட கருப்பு மண்ணாவே வருது, 8 அடியிலதான் சுக்காம்பாறை தட்டுச்சு. மொத்தம் 14 குழி, குழிக்கு 3 அடி கூடுதல், அதுக்கு தூண் கம்பி, காங்கிரீட், ஜேசிபி வாடகை, ஆக 1 லட்சத்து 35 ஆயிரம் பூமிக்குள்ள போச்சு. அதோட விடல. தோண்டுன கரிசலை உள்ள போட்டு நிரப்ப முடியாது, பின்னாடி உப்பி தரையைத் தூக்கிரும், வெளிய இருந்து கிராவல்தான் அடிக்கணும். பேஸ்மட்டம் (தரையில இருந்து வீட்டுத் தளம் வரைக்கும் உயரம்) 3 அடி, 1150ஐ 3ஆல பெருக்குனா 3450 கன அடி, சுவர் பீம் போக 3000 வச்சாலும் 30 யூனிட் (நூறு கன அடி ஒரு யூனிட்), தண்ணி விட்டு திமிசு போட்டா மண்ணு இறங்கும்ல, அதனால 40 யூனிட் இறக்குனோம், 1800 வீதம் 72 ஆயிரம். "ரோட்டை விட ஒரு அடி தூக்கிக் கட்டுங்க"னு சும்மா சொல்லிட்டுப் போறவங்க கிட்ட இந்தக் கணக்கைக் காட்டுங்க, ஒரு அடிக்கு 13 யூனிட் மண்ணு.

மூணாவதுதான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல். "கையோட கையா". ஞாயித்துக்கிழமை ஆனா சொந்தக்காரங்க யாராவது சைட்டுக்கு வந்துருவாங்க. சித்தப்பா வந்து "கார் வாங்காமயா போயிருவ, கையோட கையா போர்டிகோவ நாலடி இழுத்து விட்ரு"ன்னார். 14 அடி அகலத்துக்கு 4 அடி, 56 சதுர அடி, 1 லட்சத்து 17 ஆயிரத்து 600. இப்ப அங்க என் ஸ்ப்ளெண்டர் ராஜா மாதிரி தனியா நிக்குது. டைல்ஸ் அக்ரிமெண்ட்ல சதுர அடிக்கு 50 ரூபா வரைக்கும்னு இருந்துச்சு, ஷோரூம்ல அந்த லைட்டுக்குக் கீழ பாத்தா 50 ரூபா டைல் எல்லாம் பள்ளிக்கூட வராண்டா மாதிரி தெரியுது, 82 ரூபாய்க்கு எடுத்தோம், 900 சதுர அடிக்கு 28,800. லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல ஓடுற காங்கிரீட் பட்டை) ஓடுன பிறகு கிச்சன் ஜன்னல் இடம் மாத்துனதுக்கு 11 ஆயிரம், பூஜை அலமாரி கிரானைட்டு அது இதுனு 32 ஆயிரம். கூட்டுனா 1 லட்சத்து 90 ஆயிரம் கிட்ட, ஒவ்வொண்ணும் கேக்கையில சின்னதாத்தான் இருந்துச்சு. காண்ட்ராக்டர் எல்லாத்துக்கும் "கடைசில பாத்துக்கலாம் சார்"னுதான் சொல்லுவாரு, விடாதீங்க, அன்னைக்கே ரேட் கேட்டு வாட்ஸப்ல ஒரு வரி போட்ருங்க. ரேட்டைக் கேட்டாலே பாதி ஆசை தன்னால அடங்கிரும்.

அந்த ஜன்னல் விஷயத்துல ஒரு படிப்பினை. பிளானைப் பேப்பர்ல பாத்து நமக்கு ஒண்ணும் புரியாது, 10க்கு 11 பெட்ரூம்னா பெருசாத்தான் தோணும். என் வீட்டம்மா ஒரு நாள் வாடகை வீட்டு மொட்டை மாடியில சாக்பீஸ்ல பெட்ரூமை நிஜ அளவுல வரைஞ்சா. எங்க கட்டிலையும் பீரோவையும் இஞ்ச் டேப்ல அளந்து உள்ள வரைஞ்சா, கதவு திறக்கிற வளைவையும் போட்டா, பாத்தா கதவு நேரா பீரோ மேல இடிக்குது. இன்ஜினியருக்கு போன் போட்டு கதவைத் தள்ளி வச்சோம், செலவு ஒரு சாக்பீஸ். கிச்சனை மட்டும் மழை வந்துருச்சுனு வரையாம விட்டோம், அதுக்குத்தான் அந்த 11 ஆயிரம்.

லோன் போறதா இருந்தா ஒண்ணு. 30 லட்சம் வரை லோன்னா வீட்டு மதிப்புல 90 சதவீதம், அதுக்கு மேல 75 லட்சம் வரை 80 சதவீதம், இது ரிசர்வ் வங்கி வச்ச உச்சவரம்பு, பேங்க் அம்புட்டும் குடுத்தே ஆகணும்னு இல்ல. அதையும் வேலை ஏற ஏறத்தான் தவணையா விடுவாங்க, காண்ட்ராக்டரோ ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் முன்னாடியே கேப்பாரு. நான் காண்ட்ராக்டருக்குப் பிரிச்சுப் போட்டது அட்வான்ஸ் 10, பேஸ்மட்டம் 20, லிண்டல் 15, ரூஃப் 20, பூச்சு 15, டைல்ஸ் 10, பெயிண்ட் 5, சாவி வாங்கையில 5 சதவீதம். இந்தக் கடைசி அஞ்சு கையில இருந்ததாலதான் பாத்ரூம் ஒழுகலுக்கு ஆள் வந்துச்சு.

லேபர் காண்ட்ராக்ட் (மெட்டீரியல் நாம வாங்கிட்டு கூலி மட்டும் பேசுறது) விட்டா மிச்சம்னு சொல்லுவாங்க, உண்மைதான், பகல் பூரா சைட்ல நிக்க ஆள் இருந்தா. பக்கத்துத் தெரு அண்ணாச்சி ரிட்டயர்டு, கம்பியை எடை போட்டு இறக்குனாரு, அவருக்கு மிஞ்சுச்சு. ஆபீஸ் போறவனுக்கு ஒத்து வராது.

குறைக்கணும்னா எதைக் குறைக்கிறதுன்னு கேட்டா, மண்ணுக்குள்ளயும் சுவத்துக்குள்ளயும் போறதுல கை வைக்காதீங்க. பின்னாடி மாடி எடுக்கிற ஐடியா இருந்தா ஃபுட்டிங்கை இப்பவே அதுக்குத் தக்கன போட்ருங்க, பாத்ரூம் வாட்டர்புரூஃப், வயர் பைப், அப்புறம் ஏசி பாயிண்டுக்கு பைப் மட்டுமாவது. கப்போர்டு, ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், எலிவேஷன் ஓடு எல்லாம் குடிவந்த பிறகு வருஷத்துக்கு ஒண்ணா பண்ணலாம், எங்க வீட்ல ரெண்டு ரூமுக்கு இன்னும் கப்போர்டு கதவு இல்ல, சேலைத் துணிதான் தொங்குது, யாரும் செத்துப் போகல.

அப்ரூவல் இப்ப ஈசி, 2024 ஜூலைல இருந்து தமிழ்நாட்ல 2500 சதுர அடிக்குள்ள மனை, 3500 சதுர அடிக்குள்ள கட்டடம், தரைத்தளமோ ஒரு மாடியோன்னா சுயசான்று முறையில ஆன்லைன்லயே வாங்கிரலாம். உங்க 1200 அதுக்குள்ளதான் வருது.

நீங்க எந்த ஊருன்னு போடல. கரிசல் பக்கம்னா எஸ்டிமேட் வாங்குறதுக்கு முன்னாடி ஜேசிபிய ஒரு மணி நேரத்துக்குக் கூப்பிட்டு மனையில ரெண்டு மூலையில குழி போட்டு, காண்ட்ராக்டரை எட்டிப் பாக்கச் சொல்லிட்டு அப்புறம் ரேட் பேசுங்க.