ரீச்சரைக் கேளுங்கள்: ஆச்சிக்கு ஒரு நினைவு மலர்

கேள்வி: என் அம்மம்மா காலமாகி ஒரு வருஷமாகப் போகிறது. தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தவர். வயலும் மாடும்தான் அவர் உலகம். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அவசரத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஆண்டுத் திவசத்துக்காவது நினைவு மலர் அச்சிட வேண்டும் என்று வீட்டில் முடிவு. வாழ்க்கை வரலாறு எழுதும் பொறுப்பு என் தலையில். பிறந்தார், மணமுடித்தார், ஏழு பிள்ளைகள் என்று எழுதினால் அரைப் பக்கம்கூட வரவில்லை ரீச்சர். வேறென்ன எழுதுவது?
— வாசகி, தம்பலகாமம்

பதில்: அரைப் பக்கத்தோடு நின்றதற்கு அம்மம்மாவும் காரணம் இல்லை, நீங்களும் இல்லை மகள். நாம் பழகிவிட்ட அச்சு அப்படி. என் அலமாரியில் நினைவு மலர்கள் ஒரு கட்டு இருக்கின்றன. முன்னுக்குத் தேவாரம், பின்னுக்கு நன்றி நவிலல், நடுவில் ‘பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம்’. அப்புறம் பிள்ளைகளின் பட்டியல்: பொறியியலாளர், கணக்காளர், லண்டன், ரொறன்ரோ. பெயரை மாற்றிப் போட்டால் எந்த ஆச்சிக்கும் பொருந்தும். அந்தப் பிள்ளைகளைப் படிப்பித்த காசு எந்த வேலையில் வந்தது என்று ஒரு வரி இருக்காது.

அந்த வேலையை எழுதுங்கள்.

என் அப்பாச்சியும் உங்கள் ஊர்தான். நெல் அவித்து அரிசி விற்றே குடும்பத்தைப் பார்த்தவர். பின்னேரம் நெல்லை ஊறப்போட்டு, விடியப்புறம் முற்றத்து அடுப்பில் கிடாரத்தை ஏற்றுவார். உமி வாய் பிளக்கும் பதம் பார்த்து இறக்கி, பன்பாயில் பரப்பி, வெறுங்காலால் துழாவித் துழாவி விடுவார். வெயில் ஏறினால் பாயோடு இழுத்து நிழலுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரேயடியாகக் காய்ந்த நெல் குத்தும்போது நொறுங்கிக் குறுனியாகிவிடும். காய்ந்தது போதுமா என்று பார்க்க ஒரு மணியை உரித்து முன்பல்லால் கடிப்பார். அவருக்குப் பல் விழுந்த பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. “கடி பாப்பம். டக்கெண்டு முறியுதா, சவ்வெண்டு இருக்கா?” என்பார். நான் சொல்லும் பதிலை நம்பித்தான் ஒரு பாய் நெல்லை அள்ளுவார். பள்ளிக்கூடத்தில் கூட எனக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததில்லை.

கடன் கணக்கெல்லாம் குசினிச் சுவரில். ஒரு கொத்து அரிசிக்கு நீளக் கோடு, ஒரு சுண்டுக்குக் குட்டைக் கோடு, நாலு குட்டை சேர்ந்தால் ஒரு நீளம். கரியால் இழுத்தது. எந்தக் கோட்டுக் கூட்டம் யாருடையது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். தைப்பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டுமே, அதற்கு முன்னால் கடன்காரர் அத்தனை பேருக்கும் ஆள் போய்விடும். எழுத்தறிவில்லாதவர் என்று அவரை மலரில் எழுதியிருந்தால் அந்தச் சுவரே சிரித்திருக்கும்.

இந்த மாதிரி விஷயங்கள் பிள்ளைகளைக் கேட்டால் வராது. அம்மம்மாவோடு களை பிடுங்கப் போனவர்கள், அவரிடம் அரிசியோ தயிரோ வாங்கியவர்கள் யாராவது இருந்தால் முதலில் அங்கே போங்கள். “அவ எப்படிப்பட்டவ?” என்று கேட்காதீர்கள். “தங்கமான மனுசி” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். விடிய எத்தனை மணிக்கு எழும்புவா, களை பிடுங்கினால் கூலி காசா நெல்லா, பிள்ளை பெற்று எத்தனை நாளில் திரும்ப வயலுக்கு வந்தா, யாரோடு சண்டை பிடித்தா என்று கேளுங்கள். கோபக்காரி என்றால் அதையும் எழுதுங்கள். மாமா விரும்பமாட்டார். எழுதுங்கள்.

கந்தளாய்க் குளம் என்றதும், அதைக் கட்டியதாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் பெயரைச் சின்னப்பிள்ளையும் சொல்லும். அந்தக் குளத்துத் தண்ணீரில் கணுக்கால் ஊற நின்றவர்கள் பெயர் உங்கள் மலரிலாவது வரட்டும்.

கேள்வி: எங்கள் ஆச்சி பிறந்த வருஷம் யாருக்கும் தெரியாது. அடையாள அட்டையில் இருப்பது விதானையார் முகத்தைப் பார்த்துப் போட்ட வயது என்று ஆச்சியே சொல்லிச் சிரிப்பார். மலரில் எதைப் போடுவது?
— வாசகர், கிளிவெட்டி

பதில்: தேசிய அடையாள அட்டை நமக்கு 1972இல்தான் வரத் தொடங்கியது. அப்போதே ஆச்சி பல பிள்ளைகளுக்குத் தாய். விவாகம் பதிந்திருந்தால் அந்தப் பதிவில் வயது இருக்கும், தேடிப் பாருங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்கள் என்றால் ஊர்ச் சம்பவங்களை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அப்போது ஆச்சி கைப்பிள்ளையா, ஓடித் திரிந்தவரா, பெரியபிள்ளை ஆகிவிட்டாரா? 1964 டிசம்பர்ச் சூறாவளி, தனுஷ்கோடியைக் கொண்டுபோன அதே சூறாவளி, நம்மையும் அடித்ததே, அப்போது எந்தப் பிள்ளை இடுப்பில்? 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தபோது எந்தப் பேரன் பிறந்திருந்தான்? இரண்டு மூன்று பதில் பொருந்தினால் ‘1930 அளவில்’ என்று தைரியமாகப் போடலாம். பொய்யாக ஒரு திகதியை விட அது மேல்.

கேட்கும்போது வயதோடு வேறு கதையும் வரும். அந்தச் சூறாவளியில் எங்கள் கூரை போய், மூட்டை நெல் எல்லாம் நனைந்துவிட்டது. வீட்டு ஆண்கள் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்கள். அப்பாச்சி, முளைவிட்டால் ஒன்றுக்கும் உதவாது என்று, மழை விட்ட கையோடு மூன்று கல்லைத் தேடி எடுத்துக் கிடாரத்தை ஏற்றிவிட்டார். அந்த அரிசியில் நாற்றம் இருந்தது. சாப்பிட்டோம்.

மூதூர், சம்பூர்ப் பக்கத்து ஆச்சிமாருக்கு 2006 இடம்பெயர்வையும் கேட்க வேண்டும். எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: அம்மம்மாவின் ஈமக்கடனைத் திருகோணமலை கன்னியாவில் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஏன் அங்கே?
— வாசகர், ரொறன்ரோ

பதில்: தன் தாய்க்கு ஈமக்கடன் கழிக்க இராவணன் உண்டாக்கியவை கன்னியாவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பது ஐதீகம். அதனால் 31ஆம் நாளுக்கு அங்கே போவது நம்மவர் வழக்கம். ஒவ்வொரு கிணற்றின் சூடும் வேறு வேறாக இருக்கும். பிள்ளைகளைக் கூட்டி வந்தால் அவர்களுக்கும் பிடிக்கும்.

கேள்வி: மலரை அச்சகத்துக்குக் கொடுக்குமுன் யாரிடம் காட்ட வேண்டும்?
— தம்பலகாமம் வாசகியே, இரண்டாவது கடிதத்தில்

பதில்: எழுத்துப்பிழைக்கு என்னிடம் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் பெயர் வரும் பக்கத்தை மட்டும் மூத்த பெரியம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஒரு பெயர் விடுபட்டால் அடுத்த திவசம் வரைக்கும் சண்டை ஓயாது.