பெட்டிக்குள் அடைபட்ட ஈரம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உவரிக்கு அப்பால் படகில் சென்று, ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு முக்குளிப்பது) செய்து மீன்களைப் படமெடுக்கிறேன். இறங்கிய கால் மணி நேரத்தில், கேமராவை நீர் படாமல் அடைத்துவைக்கும் பெட்டியான ஹவுசிங்கின் முன்கண்ணாடி உட்புறமாக மங்கிவிடுகிறது. மேலே வந்தபின் தானாகத் தெளிகிறது. கசிவு என்று நினைத்து மூடியில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை இருமுறை மாற்றினேன், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டேன். பயனில்லை. என் அறையில் ஏசி இல்லை. என்ன செய்யலாம்?

வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

ஓ-ரிங்கின்மேல் குற்றம் இருப்பதாகத் தோன்றவில்லை. கடல்நீர் கசிந்திருந்தால் அடியில் துளி தேங்கும், காய்ந்தபின் வெள்ளையாக உப்புத் தடம் நிற்கும். சுவடில்லாமல் மறைவது ஆவி. அந்த ஈரத்தைக் காற்றோடு சேர்த்துக் கரையிலேயே நீங்கள் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.

கொண்டல் வீசும் காலையில் நம் கடற்கரைக் காற்று எப்படிப் பிசுபிசுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு லிட்டர் காற்றில் சுமார் 24 மில்லிகிராம் நீராவி இருக்கிறது. அக்காற்று 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அவ்வளவு ஆவியைத் தாங்காது. மிஞ்சியது, இருப்பதிலேயே குளிர்ந்த பரப்பில் போய்ப் படியும். பிளாஸ்டிக்கைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவது கண்ணாடி என்பதால், கடல்நீர் பட்டதும் முதலில் குளிர்வது அதுதான். ஒரு மில்லிகிராம் படிந்தாலே படம் கெட்டுவிடும்.

ஒருமுறை படகில் பேட்டரி மாற்றும்போது என் ஈரத்தலையிலிருந்து ஒரு சொட்டு ஹவுசிங்குக்குள் விழுந்ததைக் கவனியாமல் மூடிவிட்டேன். ஒரு சொட்டு என்பது சுமார் 50 மில்லிகிராம். மேலே சொன்ன ஒரு லிட்டர் காற்றில் உள்ள ஆவியைப்போல் இரண்டு மடங்கு. அன்றைய இரண்டாவது முக்குளிப்பு முழுவதும் வெள்ளைத் திரையைத்தான் படமெடுத்தேன். அதன்பின் நான் படகில் ஹவுசிங்கைத் திறப்பதே இல்லை.

உங்கள் பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்து நிறைந்ததாக இருக்கும். நிறம் மாறும் மணிகளாக வாங்குங்கள்: ஆரஞ்சாக இருந்தால் உலர்ந்தது, பச்சையானால் நிறைந்துவிட்டது. பச்சையானதை 120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். ஏசி இல்லாத குறைக்கும் இதுவே வழி. திறந்த ஹவுசிங்கையும் கேமராவையும் இம்மணிகளோடு காற்றுப் புகாத டப்பாவில் இரவு முழுதும் வைத்திருந்து, காலையில் எடுத்த கையோடு, சில மணிகளை உள்ளே போட்டு மூடிவிடுங்கள். ஏசி உள்ள நண்பர் வீடு கிடைத்தால் இன்னும் எளிது. 25 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்று 14 டிகிரி வரை குளிர்ந்தால்தான் ஆவி படியும். நம் கடல் அவ்வளவு குளிர்வதில்லை. ஆனால் அங்கே மூடியதைக் கடற்கரையில் திறந்தால் எல்லாம் வீண்.

படகிலேயே திறந்தாக வேண்டிய நிலை வந்தால், தலையையும் கையையும் நன்றாகத் துவட்டிவிட்டு, சிலிண்டர் காற்றை மெதுவாக உள்ளே செலுத்திய பிறகு மூடலாம். அது மிகவும் வறண்ட காற்று. நீருக்கடியில் நமக்குத் தொண்டை வறள்வது அதனால்தான். காற்று வரும் முனையில் ஈரம் இருந்தால் துளி தெறிக்கும், முதலில் அதைத் துடைத்துவிடுங்கள்.

மங்காமலிருக்க முக்குளிப்பு முகமூடிக்குத் தடவுவதுபோல ஹவுசிங்கினுள் எச்சில் தடவ வேண்டாம். படத்தில் கோடாகத் தெரியும், ஈரத்தையும் கூட்டும். ஹவுசிங்கை வெயிலிலும் வைக்காதீர்கள்.

அடுத்த முறை உவரிக்குப் போகும் முன், வயல் கிணறு ஏதேனும் ஒன்றில் ஹவுசிங்கைக் கல்லோடு கயிற்றில் கட்டி இறக்கி, கேமராவை ஓடவிட்டு அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள். கோடையில் கிணற்றின் அடிநீர் மேல்நீரைவிடக் குளிர்ந்திருக்கும். கண்ணாடி எந்த நிமிடத்தில் மங்கியது என்பது படத்திலேயே பதிவாகியிருக்கும். மங்கினால் அதை எனக்கு எழுதுங்கள்.