சுறாப்புட்டும் பாதரசமும்: தேவகோட்டைத் தம்பிக்கு

தம்பி, பிள்ளை பெற்று இருபது நாளான மனைவிக்கு உங்க ஆத்தா வாரம் மூணு தடவை சுறாப்புட்டு கொடுக்கிறாங்க, அதில் பாதரசம் இருக்குமா, வேகவைத்துப் பிழிந்தால் போய்விடுமான்னு கேட்டிருந்தீங்க.

போகாது. சுறாவை மஞ்சள் போட்டு அவித்து, மணல்தாள் மாதிரி இருக்கும் தோலை உரித்து, உதிர்த்து, ஒட்டப் பிழிவோம் இல்லையா? அந்தத் தண்ணியில் கவிச்சிதான் வெளியேறும். மீனில் சேரும் பாதரசத்தின் வடிவமான மீதைல் பாதரசம் சதையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது சேர்ந்துகொண்டே போகும். பல வருஷம் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்னும் சுறா மாதிரி மீன்களிடம்தான் அதிகம்.

ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் கை கால் இழுத்துக்கொண்ட நோயாளிகளைப் பார்த்த மருத்துவர் ஹொசோகவா, 1959-இல் ஆலைக் கழிவுநீரை ஒரு பூனையின் உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். பூனைக்கும் அதே வலிப்பு வந்தது. அந்த ஆலை கடலில் விட்ட மீதைல் பாதரசம்தான் மீன் வழியாக மக்களுக்குப் போயிருந்தது. அங்கே தாய்க்குப் பெரிதாக அறிகுறி ஒன்றும் தெரியாமலே வயிற்றுப் பிள்ளைகள் பாதிக்கப்பட்டதுதான் என் மனசை விட்டுப் போகவே இல்லை.

பயந்துவிடாதீங்க. உங்க வீட்டுச் சுறா அந்த அளவு விஷமில்லை. ஏற்கெனவே தின்றதில் உடம்பில் சேர்ந்த பாதரசமும் மாதக்கணக்கில் மெல்லக் குறைந்துவிடும். தாய்ப்பாலை மட்டும் நிறுத்திடாதீங்க. சுறாவை நிறுத்துங்க, பாலூட்டி முடிக்கும் வரைக்கும்.

தொண்டியிலிருந்து வரும் சாளை, நெத்திலி வாங்குங்க. சாளையை அவித்து முள் எடுத்து, அதே பூண்டு, வெங்காயம், மிளகு போட்டுப் புட்டு செய்யலாம். ஆத்தாவிடம் "சுறா வேண்டாம்"னு ஆரம்பிக்காமல், "இன்னைக்குச் சாளைப்புட்டு செஞ்சு தாங்க ஆத்தா"ன்னு கேளுங்க.