கப்பல் அதிகாரிப் பயிற்சியின் கதை: வாசகர் கேள்விகள்

கேள்வி: கல்லூரிகளே இல்லாத காலத்தில் சரக்குக் கப்பலில் அதிகாரியாவது எப்படி?

சின்ன வயதிலேயே அப்ரெண்டிஸாகச் சேர்வதுதான் வழி. பெரும்பாலும் நாலு வருட ஒப்பந்தம், அதற்குப் பையனின் வீட்டாரிடமே பணம் வாங்கிக்கொண்ட முதலாளிகளும் உண்டு. ஏறிய பிறகு கற்றுத்தருவதும் தராததும் கேப்டனின் இஷ்டம், அதனால் பலர் தளம் தேய்ப்பது, பாய்மரம் ஏறுவது என்று மாலுமியின் வேலையைச் சல்லிசாகச் செய்துகொண்டே, ஓய்வு கிடைத்தபோது வழிகாணும் கணக்கைத் தாங்களாகப் படித்தார்கள். படித்தார்களா என்று சோதிக்கவும் வெகுகாலம் ஆளில்லை! பிரிட்டனில் 1845-இல் தேர்வு வந்தது, அதுவும் விருப்பப்பட்டவர்களுக்கு. 1850-ஆம் ஆண்டுச் சட்டம்தான் வெளிநாடு போகும் கப்பல்களின் கேப்டனுக்கும், அவருக்கு அடுத்த நிலை அதிகாரியான ‘மேட்’டுக்கும் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களைத் தேர்வெழுதச் சொன்னால் கப்பல் கிளம்புமா? அவர்களுக்கு அனுபவத்தின் பேரில் ஒரு சான்றிதழ், புதியவர்களுக்குத் தேர்வெழுதி வாங்கும் தகுதிச் சான்றிதழ் என்று பிரித்துக் கொடுத்துச் சமாளித்தார்கள். எஞ்சினியர்களுக்குச் சான்றிதழ் வந்தது 1862-இல்தான்.

கேள்வி: அந்தக் காலப் பயிற்சிக் கப்பல்கள் நின்ற இடத்திலேயே நின்றனவாமே?

பிரிட்டனில் ஆமாம். 1859-இல் மெர்சி ஆற்றில் கான்வே, 1862-இல் தேம்ஸில் வூஸ்டர், இரண்டுமே கடற்படை கழித்துவிட்ட மரக்கப்பல்கள். உண்மையில் தண்ணீரில் நின்ற விடுதிப் பள்ளிகள்தான், தூங்குவது ஹேமக் என்ற தொங்கு படுக்கையில், படகு வலிப்பதும் முடிச்சுப் போடுவதும் பாடம். அமெரிக்காவில் 1874-இல் நியூயார்க் ஆரம்பித்த பள்ளி, செயின்ட் மேரீஸ் என்ற பாய்க்கப்பலில் மாணவர்களை நிஜமாகவே கடலுக்குக் கூட்டிப்போனது. எனக்கு அந்த வழிதான் சரியென்று படும், ஆனால் அதற்கும் விலை உண்டு. 1957 செப்டம்பரில் ஜெர்மனியின் பாமிர் என்ற பாய்க்கப்பல், பயிற்சி மாணவர்களான கேடட்களோடு பார்லியும் ஏற்றிவந்து அட்லான்டிக் புயலில் சிக்கியது, மூட்டையில் கட்டாமல் கொட்டியிருந்த தானியம் ஒரு பக்கமாகச் சரிந்தது, கப்பல் கவிழ்ந்தது. 86 பேரில் பிழைத்தவர்கள் 6 பேர். பாய்க்கப்பலில் சரக்கும் ஏற்றிப் பயிற்சியும் கொடுக்கும் பழக்கம் ஜெர்மனியில் அதோடு முடிந்தது.

கேள்வி: இந்தியர்களுக்கு இந்தப் பயிற்சி எப்போது திறந்தது?

1927-இல், பம்பாயில் டஃப்ரின் கப்பலில். அதற்கு முன் லாஸ்கர் என்று அழைக்கப்பட்ட நம் ஆட்கள் எஞ்சின் அறையிலும் தளத்திலும் நிறைய இருந்தார்கள், அதிகாரிகள் அநேகமாக வெள்ளைக்காரர்கள். டஃப்ரின் பழைய துருப்புக் கப்பல். 1972-இல் ராஜேந்திரா அதன் இடத்துக்கு வந்தது, 1993-இல் நவி மும்பையில் கரைமேல் சாணக்யா என்ற பயிற்சி நிறுவனம். எஞ்சினியர்களுக்கென்று கல்கத்தாவில் 1949-இல் தனி நிறுவனம் தொடங்கியது.

கேள்வி: கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான சர்வதேச ஒப்பந்தம், எஸ்டிசிடபிள்யூ, வந்து என்ன மாறியது?

முதலில் அவ்வளவு மாறவில்லை என்பதே என் கருத்து. 1978-இல் கையெழுத்தாகி 1984-இல் அமலான அந்த ஒப்பந்தம், பல இடங்களில் ‘அந்தந்த நாட்டு நிர்வாகம் திருப்தி அடைய வேண்டும்’ என்றே எழுதியிருந்தது. ஒரு நாடு எதற்குத் திருப்தி அடையும், இன்னொன்று எதற்கு அடையும்? அதனால் சான்றிதழ் ஒன்று, தரம் பல. 1995 திருத்தம்தான் நிஜமான கடிவாளம்: பாடத்தில் இத்தனை மணி நேரம் உட்கார்ந்தான் என்பது போதாது, வேலையைச் செய்து காட்ட வேண்டும், ரேடாருக்கு சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம். நாடுகளும் தங்கள் பயிற்சி முறையைச் சர்வதேச கடல்சார் அமைப்பிடம் விளக்கியாக வேண்டும். அப்புறம் 2010-இல் மணிலா திருத்தங்கள், அவற்றில் மின்னணு வரைபடப் பயிற்சியும் வந்தது.

கேள்வி: ஜிபிஎஸ் இருக்கும்போது, சூரியன், நட்சத்திரங்களின் கோணத்தை அளந்து இடமறியும் செக்ஸ்டண்ட் கருவி எதற்கு?

மணிலாவிலும் அதை நீக்கவில்லை. ஜிபிஎஸ் சிக்னலை ஜாம் செய்யலாம், பொய்யான இடத்தைக் காட்டவும் வைக்கலாம். சூரியனின் கீழ்விளிம்பைக் கண்ணாடியில் இறக்கி, அடிவானத்தைத் தொட்டும் தொடாமலும் நிறுத்திக் கோணத்தைப் படிப்பதில் யாரும் அப்படிக் கைவைக்க முடியாது. மேகம் மட்டும் கெடுக்கும்.